ஆவிகளுக்கு விட்ட முதல் வரிசை

டென்மார்க்கில் ரயில் கப்பலில் ஏறுகிறது. பினாங்கில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கையில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருக்க, ரயில் மெல்ல ஊர்ந்து கப்பலுக்குள் போய் நின்றுவிட்டது. படியேறி மேல்தட்டுக்குப் போனால் நாலு பக்கமும் கடல். அங்கே குங்குமச் சிவப்பில் ஒரு சாசேஜ் விற்றார்கள். எங்கள் மேளக்காரர்கள் ஆளுக்கு இரண்டு தின்றுவிட்டு, மிளகாய் எங்கே என்று என்னைக் கேட்டார்கள்.

“ரயிலையே தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நம் பெட்டிகளைத் தொலைக்க மாட்டார்கள்” என்றார் லெங் சே.

லெங் சே எங்கள் கூத்துக் குழுவின் தலைவி. சே என்றால் அவர்களுடைய சீன பாஷையில் அக்கா. எங்கள் குழு என்று உரிமையோடு சொல்கிறேனே தவிர, நான் கூத்தாடி அல்ல. பினாங்கில் மேடை விளக்கும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிறவன். மாரியம்மன் திருவிழாவுக்கும் நான்தான், சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் தெருவில் கொட்டகை போட்டு நடக்கும் சீனக் கூத்துக்கும் நான்தான். சீனர் சந்தில் பிறந்து வளர்ந்ததால் தியோச்சு பாஷை தண்ணீர்பட்ட பாடு. குழுவில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் என்பதால் என்னையும் அழைத்துக்கொண்டார்கள்.

குழுவை டென்மார்க்குக்கு வரச் சொன்னவர் பிர்கிட் என்ற டேனிஷ் பெண். பினாங்குக்குச் சுற்றுலா வந்தவர், ஒரு தெருமுனையில் எங்கள் கூத்தைப் பார்த்து அசந்துபோனார். அன்றைக்குப் பார்வையாளர் என்று இருந்தது அவரும், தூங்கிவிட்ட ஒரு கிழவரும்தான். அடுத்த தெருவில் குட்டைப் பாவாடைப் பாட்டு மேடை போட்டிருந்தார்கள், ஊர் மொத்தமும் அங்கே போய்விட்டது. ஏழாம் மாதக் கூத்தில் முதல் வரிசையைக் காலியாக விடுவது முறை. இப்போதெல்லாம் மற்ற வரிசைகளையும் யாரும் சொல்லாமலே காலியாக விட்டுவிடுகிறார்கள். தன் ஊர்க் கோடைவிழாவில் நாற்காலிகள் நிறையும் என்று பிர்கிட் சத்தியம் செய்தார். நாங்கள் போனது எண்பதுகளின் கடைசியில் ஒரு ஆகஸ்ட் மாதம்.

ரயில் ஏறுவதற்கு முன், வந்து இறங்கிய விமான நிலையத்தில் ஒரு காரியம் நடந்தது. கிரீடப் பெட்டி, தாடிப் பெட்டி, வாள் பெட்டி எல்லாவற்றோடும் சீனர்கள் சிரித்துக்கொண்டே வெளியேறினார்கள். என்னை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினார் அதிகாரி. “தமிழா?” என்று கேட்டார்.

“இல்லை, மலேசியன்” என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல, வாயில் அதுதான் வந்தது. அந்த ஆண்டுகளில் அந்த நாட்டில் தமிழ் என்றால் அகதி என்று அர்த்தம், அது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. கடவுச்சீட்டைப் பார்த்ததும் மரியாதையாக வழிவிட்டார். அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கப்பலிலிருந்து இறங்கி ரயில் மறுபடியும் ஓடியது. பிரெடெரிசியா என்ற ஊரில் நின்றபோது மேளக்காரர்கள் சிகரெட் பிடிக்க இறங்கினார்கள், காவலுக்கு நானும் இறங்கினேன். திரும்பி ஏறினால் லெங் சேயைக் காணவில்லை, நடிகர்களைக் காணவில்லை. ரயிலே பாதிதான் இருந்தது. அந்த ஊரில் ரயிலை இரண்டாகப் பிரித்து இரண்டு திசையில் அனுப்புவார்களாம், அதை டேனிஷில் அறிவித்தார்களாம். “ஐயோ, குடி கெட்டுச்சே!” என்று தலையில் கை வைத்தேன்.

“அண்ணை, நீங்கள் தமிழோ?”

எதிரே நின்றவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்திருந்தார்.

“ஆமாங்க, தமிழ்தாங்க!” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விமான நிலையத்தில் மலேசியன், வண்டி தவறியதும் தமிழன்.

அவர் பெயர் மரியதாஸ். மன்னார்க்காரர், கிறிஸ்தவ வேதக்காரர். கோல்டிங்கில் சிநேகிதரைப் பார்த்துவிட்டு, வேலை செய்யும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நாங்கள் போகவேண்டிய ஊரும் அதுவேதான். ஹேர்னிங்குக்குப் பக்கத்தில், துணி ஆலைகள் உள்ள சிறிய ஊர். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை, காரணம் போகப்போகத் தெரியும்.

“நீங்கள் சரியான பெட்டியிலதான் நிக்கிறியள், அண்ணை. மற்ற ஆக்கள்தான் பிழையாப் போகினம். பயப்பிடாதேங்கோ” என்றார்.

பரிசோதகரைப் பிடித்து டேனிஷில் பேசினார், அடுத்த நிலையத்தில் இறங்கித் தொலைபேசினார். மற்றப் பாதி வண்டி போனது கோல்டிங் வழியாம். அங்கிருந்த சிநேகிதர் ஓடிப்போய் ரயிலடியில் சீனர்களை இறக்கி, பிளாஸ்க்கில் தேநீர் கொடுத்து, சரியான வண்டியில் ஏற்றிவிட்டார். மாலையில் எல்லாரும் ஒன்றுசேர்ந்தபோது லெங் சே, தேநீரில் ஏன் இஞ்சி போட்டிருந்தார்கள் என்பதை மட்டும்தான் விசாரித்தார்.

மறுநாள் மரியதாஸ் சாப்பிடக் கூப்பிட்டார். இடியப்பம், சொதி, கானாங்கெளுத்தி மீன் குழம்பு. வந்து இறங்கியதிலிருந்து கறுத்த ரொட்டியும் குளிர்ந்த மீனுமாகக் கிடந்தவனுக்கு அது அமிர்தம். ரொட்டி மேல் எதை வைத்தாலும் அதைக் கத்தியால் நறுக்கி முள்கரண்டியால் தின்கிற ஊர் அது. நான் கையால் தின்றேன், வெட்கமில்லாமல் மூன்றாம் முறை வாங்கிக்கொண்டேன்.

தனி மனிதருக்கு வீடு பெரியது. மனைவி ஸ்டெல்லாவும் மகள் பிரின்சியும் வருவார்கள் என்று, கொமூன் என்று அங்கே சொல்லும் நகராட்சி, அறைகள் சேர்த்துக் கொடுத்திருந்தது. அவர்கள் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். மகளின் அறையில் ஒரு குளிர்ச் சட்டை தொங்கியது.

“ஒவ்வொரு பனிக்கும் ஒண்டு வாங்குவன், அண்ணை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே வயசு. அவளைப் பாத்துத்தான் அளவு. போன வருசத்துச் சட்டையை அவளுக்கே குடுத்திட்டன்.”

“ஏன் இன்னும் வரல? விசா கொடுக்க மாட்டேங்கிறாங்களா?”

“குடுக்கமாட்டம் எண்டும் சொல்லுறாங்களில்லை, தாறம் எண்டும் சொல்லுறாங்களில்லை. சட்டப்படி வரலாம். ஆனா மறுமொழி இல்லை. கடுதாசியெல்லாம் குடுத்துக் களைச்சுப்போனன். ஆரும் ஒரு பெரிய மனிசன்ர காதில வாயால சொல்லோணும், அண்ணை.”

பிறகு குழம்புச் சட்டியை மூடிக்கொண்டே கேட்டார்: “உங்கட ஆக்களுக்கு விசா எவ்வளவு காலம் எடுத்தது?”

அழைத்தவர்களே முடித்துக் கொடுத்தார்கள், சட்டென்று ஆகிவிட்டது என்று சொன்னேன். சொன்னபோது என் குரல் இறங்கியது எனக்கே கேட்டது. பஞ்சுத் தாடிகளையும் தகரக் கிரீடங்களையும் சிரித்துக்கொண்டு உள்ளே விட்ட நாடு அது. இவர் மனைவியை அது காக்க வைத்திருந்தது கொழும்பில். அந்த விண்ணப்பங்களை மேலிடத்திலேயே வேண்டுமென்று கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பின்னாளில் வெளியே வந்தது. தமிழ் வழக்கு என்று பெயரெடுத்து, கடைசியில் அரசாங்கமே அதில் கவிழ்ந்தது. அன்றைக்கு எங்கள் இருவருக்கும் அதெல்லாம் தெரியாது. தபால் ஏதோ தாமதம் என்றே மரியதாஸ் நினைத்துக்கொண்டிருந்தார்.

வயிறு நிறைந்த மனிதன் வாக்குக் கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தேன். “கூத்துக்கு ஊர் மேயர் வர்றாரு. முதல் வரிசையில உட்காருவாரு. நீங்க வந்து அவரு பக்கத்துல உட்காருங்க. நான் வந்து அறிமுகப்படுத்தி வைக்கிறேன், அவர்கிட்ட நேரா சொல்லிடலாம்.”

மரியதாஸ் சட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “முன்னுக்கு இருக்கலாமோ, அண்ணை?” என்றார்.

“நான் சொல்றேன், உட்காருங்க” என்றேன். கூத்துக் குழுவே என் சொல்லில் நடப்பதுபோல.

கூத்து நாள் வந்தது. சதுக்கத்தில் மேடை போட்டாயிற்று. என் விளக்குகளுக்கு அங்கே வேலையே இல்லை, மாலை ஏழு மணிக்கும் வெயில் பளிச்சென்று அடித்தது. ஊரிலிருந்து சுமந்துபோன பல்புகளைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது லெங் சே வந்து நாற்காலிகளைப் பார்த்தார். முதல் வரிசையில் மேயருக்கும் மற்றப் பெரிய மனிதர்களுக்கும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது.

“இது ஏழாம் மாதம். முதல் வரிசை யாருக்கு என்று உனக்குத் தெரியாதா?” என்றார்.

தெரியும். சோறு வைக்க உறவில்லாமல் அலைகிற ஆவிகளுக்கு ஏழாம் மாதத்தில் கதவு திறக்கிறது. கூத்து அவர்களுக்குத்தான், மனிதர்கள் பின்னால் உட்கார்ந்து ஓசியில் பார்ப்பவர்கள். அந்த முதல் வரிசையில் உயிரோடு ஒருவர் உட்கார்ந்தால் ஆவி அவர் மடியில் உட்காரும், அவரோடு வீட்டுக்கும் போகும் என்பார்கள்.

“இந்த ஊர்ப் பேய்களுக்குச் சீனம் புரியுமா, சே?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“பினாங்கில் கூத்துப் பார்க்கிற மனிதர்களுக்கே புரியவில்லை. அதற்காக நிறுத்திவிட்டோமா?”

பிர்கிட்டிடம் சொன்னேன். அவருக்கு ஆனந்தம். மேயரின் பெயரை உடனே இரண்டாம் வரிசைக்கு மாற்றினார், முதல் வரிசையின் இரண்டு முனையிலும் ஒதுக்கப்பட்டது என்று டேனிஷில் அட்டை வைத்தார். அந்த ஊர் மக்களுக்கு ஒரு அட்டை போதும், கயிறு கட்டத் தேவையில்லை. அந்த நாற்காலிகளில் படையல் வைக்க ஆரஞ்சும் கறுத்த ரொட்டியும் கொண்டுவந்தார். லெங் சே ரொட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, “இதைத் தின்றால் பேய்க்கும் பல் போகும்” என்றார். இத்தனை அமளியில் மேயரை நினைத்தேன், பேயை நினைத்தேன், மரியதாஸிடம் மட்டும் போய்ச் சொல்ல மறந்தேன். சொல்ல மறந்தேன் என்பதுகூடச் சரியில்லை, அவர் நினைவே வரவில்லை.

சதுக்கம் நிறைந்தது. நடிகர்கள் திரை இடுக்கில் கூட்டத்தைப் பார்த்துப் பயந்தார்கள். யாரும் பேசவில்லை, கச்சான் கடலை கொறிக்கவில்லை, குழந்தைகூட ஓடவில்லை. “சாவு வீடா இது?” என்றார் கிழட்டு ராஜா வேடக்காரர். மேளம் தொடங்கியது, நின்றது.

லெங் சே என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “முதல் வரிசையில் உயிரோடு ஒருத்தன் இருக்கிறான். எழுப்பு. அவன் இருக்கும்வரை நான் தொடங்க மாட்டேன்.”

எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கோட்டும் டையுமாக, ஆரஞ்சுப் பழங்களுக்கு நடுவே, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு மரியதாஸ். நான் சொன்ன இடத்தில், நான் சொன்னபடி. அவருக்கு நேர் பின்னால் மேயர்.

கீழே இறங்கினேன். மொத்தச் சதுக்கமும் எங்களைப் பார்த்தது. பிர்கிட் ஓடிவந்து, “இவர் உங்களுக்குத் தெரிந்தவரா?” என்று கேட்டார்.

“தெரியாமல் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது” என்றேன்.

கேட்டதற்கு அது பதிலே அல்ல. பிர்கிட் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார், நானும் எடுத்துக்கொள்ள விட்டேன். மரியதாஸ் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து பாதி எழுந்தார், கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அறிமுகப்படுத்தத்தான் வருகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

நான் ஆங்கிலத்தில் பேசினேன். “மன்னிக்கவும், ஐயா. இவை ஒதுக்கப்பட்ட இருக்கைகள். தயவுசெய்து எழுந்திருங்கள்.”

இரண்டு வார்த்தை தமிழில் சொல்லியிருந்தால் போதும். தம்பி, ஒரு தப்பு நடந்துபோச்சு, பின்னாடி வாங்க, சொல்றேன். அவ்வளவுதான். ஆனால் மேயரும் படம் பிடிப்பவர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருடைய பாஷையும் என்னுடைய பாஷையும் ஒன்று என்று காட்ட எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது.

அவர் என்னைப் பார்த்தார். மேயரைத் திரும்பிப் பார்த்தார். டேனிஷில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து, அத்தனை வரிசைகளையும் தாண்டிப் பின்னால் நடந்து போனார். யாரோ பாவம் என்பதுபோல் மேயர் தலையசைத்தார். மேளம் மறுபடியும் தொடங்கியது.

கூத்து பிரமாதமாக நடந்ததாம். எட்டுத் தேவர்கள் வந்து வாழ்த்திய காட்சிக்கே கைதட்டினார்கள். தெருக்கூத்தில் கைதட்டிப் பழக்கமில்லாத தேவர்கள், ஏதோ தவறிவிட்டது என்று நினைத்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிவில் எல்லாரும் எழுந்து நின்று தட்ட, கிழட்டு ராஜா தாடியைக் கழற்றிவிட்டு அழுதார். பினாங்கில் இப்படி ஒரு நாளை அவர் கண்டதில்லை. நான் கூட்டத்தின் பின்வரிசைகளையே துழாவிக்கொண்டிருந்தேன். மரியதாஸ் எங்கும் இல்லை.

வேடம் கலைத்துக்கொண்டே லெங் சே கேட்டார், “அந்தக் கோட்டுக்காரன் யார்?”

“ரயிலில் நமக்கு உதவினாரே, அவர்தான். என் ஆள்.”

“உன் ஆளா? என்னிடம் சொல்லியிருந்தால் மேடைக்குள் பெட்டிமேல் உட்கார வைத்திருப்பேனே. கூத்துக்காரர்களுக்கு வேண்டியவர்கள் உட்காரும் இடம் அதுதானே?”

அது எனக்குத் தெரியாத வழக்கமல்ல. அந்தப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து வளர்ந்தவன் நான்.

மறுநாள் காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார், திட்டுவார் என்றெல்லாம் தயாராகப் போயிருந்தேன்.

“வாங்கோ அண்ணை. சாப்பிட்டீங்களோ?” என்றார். தேநீர் வைத்துக் கொடுத்தார். பிறகு, “அந்தக் கதிரையள் ஆருக்கு விட்டது?” என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் எழவில்லை. “செத்தவங்களுக்கு. சோறு வைக்க ஆளில்லாம அலையிறவங்களுக்கு.”

“அப்ப செத்த ஆக்களுக்கு இஞ்ச இடம் குடுக்கிறாங்கள்” என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. “கிளம்புங்க தம்பி, இப்பவே மேயரைப் பார்ப்போம்” என்றேன்.

பிர்கிட்டிடம் தொலைபேசியில் கெஞ்சினேன். விழா விருந்தாளி என்பதால் மேயர் உடனே வரச் சொன்னார். மரியதாஸ் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

மேயர் காபியும் இனிப்பு ரொட்டியும் தந்து, கூத்தைப் புகழ்ந்தார். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஸ்டெல்லாவையும் பிரின்சியையும் பற்றி ஆங்கிலத்தில் சொன்னேன். மரியதாஸ் இடையில் டேனிஷில் ஏதோ தொடங்கினார், மேயர் புன்னகைத்துவிட்டு என் பக்கமே திரும்பினார்.

“இது தலைநகரத்தின் விஷயம், என் கையில் இல்லை” என்றார் என்னிடம். “ஆனால் இதை அவரிடம் சொல்லுங்கள். நேற்று அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எழுந்து போனதைக் கவனித்தேன். தமிழர்களிடம் இந்த ஊருக்குப் பிடித்தது அதுதான். சத்தம் போட மாட்டார்கள். அதே பொறுமையோடு இருக்கச் சொல்லுங்கள்.”

மரியதாஸ் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை எந்த வாயால் தமிழில் சொல்வது?

“விசாரிச்சு மேல எழுதுறேன்னு சொல்றாரு” என்றேன்.

“நல்லது” என்றார் மரியதாஸ். மேயருக்குக் கை கொடுத்தார். வெளியே வந்து படி இறங்கினோம். பாதிப் படியில் நின்றார்.

“அண்ணை, அவர் சொன்னது எனக்கு விளங்கினது. ஆலையில இங்கிலீசும் கதைக்கிறவங்கள்.”

படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“சத்தம் போடாத சனமெண்டு சொன்னவர், என்ன?” என்றார். குரலில் கோபம் இல்லை. “நேற்று எனக்குச் சத்தம் வந்தது, அண்ணை. இந்த மனிசன் சொல்லித்தான் இதில இருந்தனான் எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்ல வாய்க்குள்ள வந்தது. பிறத்தி ஆக்களுக்கு முன்னால உங்கட மரியாதை போயிடுமெண்டுதான் பேசாமல் எழும்பினனான். அந்தாள் அதை வேற கணக்கில எழுதிப்போட்டார்.”

என் மானத்தைக் காக்க அவர் விழுங்கிய வார்த்தைதான், அவர் மனைவி மகளை இன்னும் காத்திருக்கச் சொல்ல அந்த மேயருக்குக் கிடைத்த நியாயம்.

“கொஞ்சம் நில்லுங்கோ” என்றார் மரியதாஸ். திரும்பினார். இரண்டிரண்டு படியாக ஏறினார். மேயரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே போனார்.

கதவு திறந்தே கிடந்தது. அவர் டேனிஷில் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஸ்டெல்லா என்று கேட்டது, பிரின்சி என்று கேட்டது. மேயர் குறுக்கே ஏதோ சொன்னார். மரியதாஸின் குரல் அதைத் தாண்டி உயர்ந்தது, கட்டடம் முழுக்க ஒலித்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கீழே மேசையில் இருந்த பெண் எழுந்து வந்து, மேலே பார்த்துக்கொண்டு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: “அவர் உங்களோடு வந்தவரா?”

“இல்லை” என்றேன். “நான் அவரோடு வந்தவன்.”